கூரையில் கூடாரம் வைத்த வாடகை வண்டி: அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை, ஐந்து பேர், பத்து நாள்

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நேரம் இருப்பவர்கள் மிச்சத்தைப் படியுங்கள். வண்டி நல்ல வண்டி. ஆனால் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் கிளம்பி, உலுரு என்கிற பெரிய பாறை மலை, கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கு பார்த்துவிட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் முடிக்கிற குடும்பத்துக்கு அது தேவையே இல்லாத வண்டி. நாங்கள் போன பாதை முழுக்கத் தார் ரோடு. நான்கு சக்கர இழுவைக்கான குமிழை பத்து நாளில் ஒருமுறைகூடத் தொடவில்லை. தொடவேண்டிய மாதிரி இடத்துக்குப் போகவேண்டும் என்றால் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அதைப் பணம் கட்டிய பிறகுதான் படித்தேன், அது என் தப்பு.

கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் "அவர்களைத் தவிர்த்தால் போதும்" என்று நினைத்துவிடுவீர்கள். போன பிறகு நாலைந்து கம்பெனிகளின் நிபந்தனைகளை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன், முக்கியமான விஷயங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இதை ஒரு கம்பெனியைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொள்ளாமல், இந்த வகை வண்டியையும் இந்த வகை வாடகைச் சேவையையும் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிட்னியில் ஜூலை பள்ளி விடுமுறை. நான், கணவர், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த என் மாமியார். அத்தைக்கு அறுபத்தெட்டு. முழங்கால் வலி உண்டு, ஆனால் அதைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். பெரிய மோட்டார் ஹோம் எடுக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தோம். சிக்கல் எங்கே வந்தது என்றால், மகனுக்கு இன்னும் ஏழு முடியவில்லை, ஆக பூஸ்டர் சீட் கட்டாயம், அதற்கு மேலே மாட்டுகிற பட்டைக்கு ஒரு கொக்கி வேண்டும். நாங்கள் பார்த்த பெரிய வண்டிகளில் பின் இருக்கைகளில் அந்தக் கொக்கி உள்ளதா என்று கேட்டால் ஒருவர் உண்டு என்கிறார், இன்னொருவர் "ஒரே ஒரு இருக்கையில், அதுவும் எந்த மாடல் வருகிறதோ அதைப் பொறுத்து" என்கிறார். அந்தக் குழப்பத்தில்தான் இந்த டபுள் கேப் யூட், அதாவது இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப் வண்டி, எடுத்தோம். ஐந்து பேர் சாதாரணக் கார் மாதிரி முன்பக்கம் பார்த்து உட்காரலாம், பின்னால் இழுத்துத் திறக்கிற சமையலறை, நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, தலைக்கு மேலே இரண்டு ரூஃப் டாப் டெண்ட். இணையத்தில் "ஐந்து பேர் தூங்கலாம்" என்று போட்டிருந்தார்கள். அதில் "ஏணி ஏறத் தெரிந்த ஐந்து பேர்" என்று திருத்தினால் நேர்மையாக இருக்கும்.

அத்தைக்கு இரவில் இரண்டு முறையாவது எழுந்து போகவேண்டும். செங்குத்தான அலுமினிய ஏணியில், இருட்டில், பனியில் நனைந்த படிகளில் அவரை இறக்கி ஏற்றுவது நடக்கிற காரியமா? முன்பதிவு செய்யும்போது நானே யோசித்திருக்கவேண்டும். கடைசி நேரத்தில் தரையில் போடுகிற சின்ன டெண்ட் ஒன்றும் மடக்குக் கட்டில் ஒன்றும் நாங்களே வாங்கினோம். ஆக, ஐந்து பேருக்கான வண்டியில் நாங்கள் தூங்கியது நாலு பேர்.

வண்டி எடுக்கிற நாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை மணி நேரம் ஆனது, அதில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றது. டெண்டை எப்படி விரிப்பது என்று ஒரு பையன் ஐந்து நிமிடத்தில் காட்டினான், அவன் கை வேகத்துக்கு நமக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் கணவர் போனில் வீடியோ எடுத்துவைத்தார், அந்த ஐந்து நிமிட வீடியோதான் முதல் மூன்று நாள் எங்களைக் காப்பாற்றியது. நீங்களும் எடுங்கள். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் விட்டோம். அது பாதிகூட இல்லை என்பது இரண்டாவது நாள் டீ போடும்போது தெரிந்தது. பூஸ்டர் சீட்டில் மேல் பட்டை இல்லாததை மட்டும் மகள் பார்த்துச் சொன்னாள், உடனே மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு அவர்களுக்கு முழு மதிப்பெண்.

முதல் நாள் போர்ட் அகஸ்டா வரை, முந்நூறு கிலோமீட்டர் சொச்சம், ஒரு வேலையுமில்லை. கேரவன் பார்க்கில் இடம் பிடித்து டெண்டை விரிக்க நாற்பது நிமிடம் ஆனது. பழகிய பிறகு இரண்டுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடத்தில் விரித்துவிடுவோம், ஆனால் மடிக்கத்தான் எப்போதும் அரைமணி நேரம். அந்த மடிப்புதான் இந்த வண்டியின் உண்மையான விலை என்று எனக்குத் தோன்றுகிறது. காலையில் கேன்வாஸ் உள்பக்கம் மூச்சுக்காற்றின் ஈரம், வெளிப்பக்கம் பனி, விரல் மரத்துப்போய் ஜிப் பிடிக்க முடியாது, மேலே ஏறி நின்று மெத்தையை அமுக்கிக்கொண்டே பட்டையை இழுக்கவேண்டும், ஒரு போர்வை மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மூடி பூட்டாது, திரும்பத் திற. இதை ஓடுகிற ஒவ்வொரு நாளும் செய்யவேண்டும். ஓடாத நாளில், பால் வாங்கக் கடைக்குப் போகவேண்டும் என்றாலும் வீட்டையே மடித்துத்தான் போகவேண்டும்.

குளிரைப் பற்றி யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. பாலைவனம் என்றதும் நம் மனதில் வெயில்தான் வருகிறது. ஜூலையில் பகலில் இருபது டிகிரி, நடக்க அருமையான வெயில். சூரியன் போன அரைமணி நேரத்தில் ஸ்வெட்டர், ஒன்பது மணிக்கு மேல் தொப்பி, விடியற்காலை பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். கம்பெனி கொடுத்த தூக்கப் பைகள் மெல்லியவை. போர்ட் அகஸ்டாவில் மறுநாள் காலை முதல் வேலையாக ஐந்து தடிமனான கம்பளி வாங்கினோம், இந்தப் பயணத்தில் செலவழித்த பணத்தில் எது உருப்படியானது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

போர்ட் அகஸ்டாவில்தான் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை தொடங்குகிறது. 1862இல் தெற்கிலிருந்து வடக்குக் கடற்கரைவரை போய்ச் சேர்ந்த ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் பெயர். அவர் குதிரையில் போனார், நாங்கள் க்ரூஸ் கன்ட்ரோலில் போனோம், இருந்தும் இருப்புக் கொள்ளவில்லை. வழியில் பிம்பாவில் திரும்பினால் சில நிமிடங்களில் வூமெரா. ராக்கெட் சோதனைக்காகவே கட்டிய ஊர், நடுவில் ஒரு திறந்தவெளியில் பழைய ராக்கெட்டுகளையும் விமானங்களையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், டிக்கெட் கிடையாது. ஆஸ்திரேலியாவின் முதல் செயற்கைக்கோள் 1967இல் இங்கிருந்துதான் போனது. ஜப்பானின் ஹயபுசா 2 சிறுகோளிலிருந்து எடுத்துவந்த மண் 2020இல் வந்து விழுந்ததும் இந்தப் பக்கத்துப் பாலைவனத்தில்தான். மகளுக்கு அந்த ஒரு மணி நேரம் போதாமல் போனது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லேக் ஹார்ட், உப்பு ஏரி, தண்ணீர் இல்லை, கண் கூசுகிற வெள்ளை, ஓரத்தில் ரயில் தண்டவாளம். தண்டவாளத்தைத் தாண்டி இறங்கி நடந்தால் காலுக்கடியில் உப்பு நொறுங்குகிற சத்தம். இலவசமாக டெண்ட் போடுகிற இடம் அது, நாங்கள் தங்கவில்லை, இப்போது யோசித்தால் தங்கியிருக்கலாம்.

எரிபொருள் விஷயத்தில் ஒரே விதி: பார்க்கிற பங்க்கில் நிரப்பு. கூபர் பீடிக்கு முன்னால் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் ஒன்றுமே இல்லாத நீளம் ஒன்று உண்டு. இந்த வண்டியில் இரண்டு டெண்டையும் தலையில் சுமந்துகொண்டு எதிர்காற்றில் போனால் நூறு கிலோமீட்டருக்குப் பதினான்கு லிட்டர் டீசல் குடிக்கும். விளம்பரத்தில் போட்டிருந்த பத்தை மறந்துவிடுங்கள். தூரமான ரோட்ஹவுஸ்களில் லிட்டருக்கு நகர விலையைவிட அரை டாலருக்கும் மேல் கூடுதல். திட்டிக்கொண்டே நிரப்பவேண்டியதுதான். அந்தப் பங்க்குக்கு டீசல் வந்து சேருவதற்கும் இதே ரோடுதானே.

கூபர் பீடி. 1915இல் தங்கம் தேடி வந்த கூட்டத்தில் இருந்த ஒரு பதின்வயதுப் பையன் கண்ணில் ஓப்பல் பட்டதிலிருந்து இந்த ஊர் பூமியைத் தோண்டிக்கொண்டே இருக்கிறது. ரோட்டின் இருபக்கமும் வெள்ளைவெள்ளையாக மண் குவியல், பூதாகரமான கறையான் புற்று மாதிரி. ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஒரு ஆழமான குழி, மூடி கிடையாது. போட்டோ எடுக்கப் பின்னால் நகராதே என்று படம் போட்டே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். கோடையில் நாற்பதுக்கு மேல் போகும் என்பதால் பாதி ஊர் தரைக்கு அடியில் வாழ்கிறது.

அன்று சாயங்காலம் காற்று எடுத்தது. அத்தையின் டெண்டுக்கு முளை அடித்தால் இறங்கவே இல்லை, சரளைக்கு அடியில் கல் மாதிரித் தரை, மூன்று முளை வளைந்ததுதான் மிச்சம். மேலே ஏறிய குழந்தைகள் பத்து நிமிடத்தில் இறங்கிவந்தார்கள், டெண்ட் பாய்மரம் மாதிரி படபடவென்று அடித்துக்கொள்கிறது, வண்டியே ஆடுகிறது. கம்பெனி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டால் "பலத்த காற்றில் டெண்டை விரிக்கக்கூடாது, கிழிந்தால் காப்பீடு கிடையாது" என்றார்கள். சரி, அப்போது ஐந்து பேர் எங்கே தூங்குவது என்று கேட்டதற்கு, அந்தப் பெண் ரொம்ப இதமான குரலில் "அது உங்கள் முடிவு" என்றாள். மடித்துவிட்டு பூமிக்கு அடியில் இருக்கிற ஒரு விடுதியில் அறை எடுத்தோம்.

அதுதான் அந்தப் பயணத்தில் நாங்கள் நன்றாகத் தூங்கிய இரவு. சுவரெல்லாம் இளஞ்சிவப்பு மணற்கல், இயந்திரம் சுரண்டிய வளையங்கள் அப்படியே தெரிகின்றன. ஹீட்டரும் கிடையாது, ஏசியும் கிடையாது, இருபத்து மூன்று இருபத்து நாலு டிகிரி தானாகவே இருக்கிறது. வெளியே அப்படி அடித்த காற்றின் சத்தம் துளிகூட இல்லை. அத்தை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடும்போது குதிருக்குள்ள ஒளிஞ்சுப்போம், அப்படியே இருக்கும்மா இது" என்றார். விளக்கை அணைத்ததும் வந்த இருட்டில் மகன் மட்டும் என் கையை விடவில்லை.

மறுநாள் குழந்தைகளை நூட்லிங் கூட்டிப்போனோம், அதாவது தோண்டிப் போட்ட மண்ணைக் கிளறி ஓப்பல் தேடுவது. பொதுமக்களுக்கென்று ஊருக்குள்ளேயே ஒரு இடம் விட்டிருக்கிறார்கள், காசில்லை. இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது போட்ச் என்கிற நிறமில்லாத ஓப்பல் சில்லுகள், விலை ஒன்றும் கிடையாது. மகன் அதைக் காலுறைக்குள் போட்டு வீடுவரை கொண்டுவந்து சேர்த்தான்.

அங்கிருந்து வடக்கே போகிற ரோட்டைப் பற்றிப் பொதுவாக எல்லோரும் சலிப்பு என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. ஒரே மாதிரி இருக்கிறது என்று நினைக்கும்போதே மண்ணின் நிறம் மாறிவிடும், புதர் மாறிவிடும், செத்த கங்காருவின் மேல் உட்கார்ந்திருக்கிற கழுகு வண்டி கிட்டே வருகிறவரை நகராமல் முறைக்கும். நடுரோட்டில் திடீரென்று விமான ஓடுபாதைக் கோடுகள் போட்டிருக்கும். ராயல் ஃபிளையிங் டாக்டர் சேவையின் விமானம் அவசரத்துக்கு நெடுஞ்சாலையிலேயே இறங்குவதற்கு. 1928இல் தொடங்கிய சேவை, இன்றும் இந்தப் பக்கத்து மக்களுக்கு அதுதான் ஆம்புலன்ஸ். எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள், நாமும் தூக்கவேண்டும். அரைநாளில் மகன் அந்தப் பொறுப்பைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு பின் சீட்டிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினான்.

ரோட் டிரெயின், அதாவது பல பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிற லாரி, அதுதான் பயம். ஐம்பத்து மூன்றரை மீட்டர் நீளம் வரை, மூன்று நாலு பெட்டிகள். எதிரே வந்தால் காற்று ஒரு அறை அறைந்துவிட்டுப் போகும், தலையில் டெண்ட் இருப்பதால் வண்டி ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கும். இங்கே இந்த வண்டியின் ஒரு நல்ல விஷயம்: யூஎச்எஃப் ரேடியோ இருந்தது. நாற்பதாம் சேனலில் லாரிக்காரர்கள் பேசுவார்கள். பின்னால் தொங்கிக்கொண்டே வந்த எங்களைப் பார்த்து ஒருவர் "முன்னால் ரோடு காலி, வரலாம்" என்று சொன்னார். அப்படியும் நம் கண்ணால் பார்க்காமல் தாண்டாதீர்கள். வேகத்தில் எங்களுக்கு ஒரு அசிங்கமும் நடந்தது. வடக்குப் பிரதேச எல்லை தாண்டியதும் 130 என்று பலகை வந்தது, கணவர் 118 தொட்டார், வண்டிக்குள் ஒரு பெண் குரல் அதட்டியது. ரோட்டின் எல்லை 130 ஆனால் ஒப்பந்தத்தின் எல்லை 110, ஜிபிஎஸ் கண்காணிப்பு. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

இனி எர்ல்டண்டா. உலுருவுக்குத் திரும்புகிற முனையில் இருக்கிற ரோட்ஹவுஸ், பின்னால் கேம்ப். சாயங்காலம் சமைக்கலாம் என்று குளிர்பெட்டியைத் திறந்தேன். அடிலெய்டில் இந்தியக் கடையில் வாங்கிய இரண்டு கிலோ தோசை மாவு பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு, காய்கறிப் பை மேல் வழிந்து, தயிர் டப்பாவைச் சுற்றி இறுகி நின்றது. ஒரு வேலை செய்யாத குளிர்பெட்டியை அதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் காட்டாது. காலையிலிருந்து வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஓடும்போது குளிர்பெட்டிக்கான இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஆகவேண்டுமே? ஆகவில்லை. போர்ட் அகஸ்டாவிலும் கூபர் பீடியிலும் கரன்ட் உள்ள இடம் எடுத்து ஒயரை மாட்டியிருந்ததால் தெரியாமலே போயிருக்கிறது. கூபர் பீடியில் கடைசி இரவு மாட்டவில்லை, மறுநாள் மதியத்துக்குள் பேட்டரி காலி.

இருபத்து நாலு மணி நேர உதவி எண் என்று சாவிக்கொத்திலேயே அச்சடித்திருந்தார்கள். என் போனில் சிக்னல் இல்லை, கணவர் போனில் இருந்தது. வேறுவேறு நெட்வொர்க் வைத்திருந்தது தற்செயல்தான், ஆனால் இங்கே வருகிறவர்கள் ஒருவராவது டெல்ஸ்ட்ரா சிம் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் வந்து, "ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் கொண்டுவந்தால் நாளை மறுநாள் பார்க்கிறோம்" என்றார். ஆலிஸ் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டர், எங்கள் பாதைக்கு எதிர்த்திசை, உலுருவில் இடம் முன்பதிவாகியிருக்கிறது. ஐஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரசீது அனுப்பினால் பணம் தருவோம் என்றார். அந்தப் பணம் இன்னும் வரவில்லை, இத்தனைக்கும் மொத்தமே இருபத்திரண்டு டாலர்.

நான் மாவைக் கழுவிக்கொண்டே தமிழில் புலம்பியதைக் கேட்டோ என்னவோ, பக்கத்துக் கேரவனிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இந்த ரோடு முழுக்க இவர்கள்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு, கேரவனை இழுத்துக்கொண்டு குளிர்காலத்தில் வடக்கே போகிற கிரே நோமாட்ஸ். இன்ஜினை ஓடவிடச் சொன்னார், மல்டிமீட்டரை வைத்தார், முன் பேட்டரியில் பதினான்கு வோல்ட், பின் பேட்டரியில் பதினொன்றரை. "நடுவில் ஏதோ அறுந்திருக்கிறது" என்று பானட்டுக்குள் டார்ச் அடித்து, முன் பேட்டரிக்குப் பக்கத்தில் கறுப்பு மூடி போட்ட ஒரு ஃபியூஸைக் காட்டினார், கருகியிருந்தது. ஐம்பது ஆம்பியர் ஃபியூஸ். அவரிடம் உதிரி இருந்தது. மாட்டின உடனே பின்னால் குளிர்பெட்டி முனகத் தொடங்கியது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். காசு வாங்கமாட்டேன் என்றார், அத்தை விடவில்லை, சுடச்சுட ரவை உப்புமாவும் எலுமிச்சை ஊறுகாயும் தட்டில் போட்டு அவர் மனைவிக்கும் சேர்த்துக் கொடுத்தார். ஊறுகாயை அவர் வெறுமனே ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டதைப் பார்த்து எங்களுக்குத்தான் கண்ணில் தண்ணீர். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஃபியூஸையும் மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு இரவு நிலா இல்லை. இங்கே குளிர்காலத்தில் விருச்சிகம் நேர் தலைக்கு மேல் வருகிறது, பால்வீதி மேகம் மாதிரி. அத்தை கட்டிலை டெண்டுக்கு வெளியே இழுத்துப் போட்டு, திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் எது என்று கேட்டு, நாலு நட்சத்திரத்தையும் எண்ணிவிட்டுத்தான் உள்ளே போனார்.

உலுருவுக்குப் போகிற வழியில் இடது பக்கம் தட்டைத் தலையோடு ஒரு மலை வரும், வண்டிக்குள் எல்லோரும் கத்துவீர்கள், போட்டோ எடுப்பீர்கள். அது மவுன்ட் கானர். உலுரு இல்லை. நாங்களும் எடுத்தோம்.

இப்போது ஒப்பந்தத்தின் அந்தப் பிரபலமான வரிக்கு வருகிறேன்: சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை ஊருக்கு வெளியே ஓட்டக்கூடாது. ஓட்டி விபத்தானால் நாற்பத்தெட்டு டாலர் தினமும் கட்டி வாங்கிய முழுக் காப்பீடும் செல்லாது. அந்திநேரம் கங்காரு குறுக்கே வரும், அதனால் நியாயமான விதிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் உலுருவுக்கு ஜனங்கள் எதற்காகப் போகிறார்கள்? சூரியன் மறையும்போதும் உதிக்கும்போதும் அந்தக் கல் நிறம் மாறுவதைப் பார்க்க. தேசியப் பூங்காவுக்குள் முகாம் போட அனுமதி இல்லை, யுலாராவில்தான் தங்கவேண்டும், கல் அங்கிருந்து இருபது கிலோமீட்டர். அஸ்தமனம் பார்த்துவிட்டுத் திரும்பினால் இருட்டு. உதயம் பார்க்கப் போனாலும் இருட்டு. ஜூலையில் பூங்கா கதவு ஆறரைக்குத் திறக்கிறது, சூரியன் ஏழரைக்குத்தான் வருகிறது. கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேட்டேன். "நிபந்தனைகளைப் பாருங்கள்" என்று நிபந்தனைகளையே திருப்பி அனுப்பினார்கள். உலுரு படத்தை முகப்பில் போட்டு வண்டியை விற்கிற கம்பெனி இது!

நல்லவேளை, யுலாரா கேம்பிலேயே ஒரு மணல்மேடு இருக்கிறது, ஏறினால் உலுரு முழுதாகத் தெரியும், தூரத்தில் கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளும். மூன்று சாயங்காலமும் அங்கேதான், டெண்டை மடிக்கவும் வேண்டாம், ஒப்பந்தத்தை மீறவும் வேண்டாம், பிளாஸ்கில் காபி. முதல் நாள் ஆரஞ்சு, அப்புறம் ரத்தச் சிவப்பு, கடைசி இரண்டு நிமிடம் ஊதா, பிறகு யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி சாம்பல். கணவரும் மகளும் ஒரு நாள் ஏறி இறங்குகிற சுற்றுலாப் பேருந்தில் போய் உதயத்தையும் கிட்டே பார்த்துவிட்டு வந்தார்கள். பேருந்து டிக்கெட்டைக் கணக்கில் சேர்த்தால், வண்டி வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தும் பேருந்துக்கும் கொடுத்தோம் என்று ஆகிறது, போகட்டும்.

பூங்காவுக்கு மூன்று நாள் அனுமதி பெரியவர்களுக்குத் தலைக்கு 38 டாலர், பதினெட்டுக்குக் கீழ் இலவசம். கல்லைச் சுற்றி நடக்கிற பாதை 10.6 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம். நாங்கள் மூன்று பேர் நடந்தோம், நாலு மணி நேரம். படத்தில் வழவழவென்று தெரிகிற கல் பக்கத்தில் போனால் வேறு மாதிரி, செதில் செதிலாக, துரு பிடித்த இரும்பின் தோல். உண்மையிலேயே இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு, உள்ளே சாம்பல் நிறம். சில இடங்களில் படம் எடுக்கவேண்டாம் என்று பலகை இருக்கிறது, இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித இடங்கள். அத்தையும் மகனும் முட்டிஜூலு நீர்ச்சுனைவரை போகிற ஒரு கிலோமீட்டர் பாதையில் போனார்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்ல பாதை. மலையடிவாரத்தில் நிழல், கறுத்த தண்ணீர், பேச்சுச் சத்தமே இல்லை. மேலே ஏறுவதை 2019 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னதற்கு அத்தை, "பின்ன, சாமி தலைமேல ஏறி நின்னு பாத்தா நம்ம ஊர்ல விடுவாங்களா" என்றார். அதிகம் விவாதிக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

கட்டா ஜூட்டாவில் காற்றுப் பள்ளத்தாக்கு நடை எனக்கு உலுருவைவிடப் பிடித்தது, இதைச் சொன்னால் வீட்டில் சண்டை. கிங்ஸ் கேன்யன் விளிம்பு நடை ஆறு கிலோமீட்டர், தொடக்கத்திலேயே ஐந்நூறு படி, குழந்தைகள் ஓடிவிட்டார்கள், நான் ஓடவில்லை. அங்கிருந்து ஆலிஸுக்கு மெரீனி வழி என்று ஒரு குறுக்கு மண் ரோடு உண்டு, நான்கு சக்கர வண்டிக்கென்றே படைத்த மாதிரி. எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி கேட்டால் எக்ஸஸ் தொகை, அதாவது சேதமானால் நம் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு, இரட்டிப்பாகும் என்றார்கள், ஆக தார் ரோட்டிலேயே 470 கிலோமீட்டர் சுற்றி வந்தோம். அந்த நான்கு சக்கர இழுவைக்காக நாங்கள் கொடுத்த கூடுதல் பணத்தை நினைத்துக்கொண்டே.

பணக் கணக்கு கேட்பீர்கள். நாள் வாடகை 245, காப்பீடு 48, எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் விடுவதற்கு 450, ஆகப் பத்து நாளைக்கு 3,380 டாலர். டீசல், 2,600 கிலோமீட்டருக்கு, 840 சொச்சம். கேம்ப் கட்டணம், கூபர் பீடி விடுதி, கம்பளி, கட்டில் எல்லாம் தனி. இதே பணத்தில் ஒரு சாதாரண ஏழு சீட்டர் காரும், ஒவ்வொரு கேரவன் பார்க்கிலும் ஒரு சின்ன கேபினும் எடுத்திருந்தால் ஏறக்குறைய சரியாக வந்திருக்கும். சமைக்க கேம்ப் கிச்சன் எல்லா இடத்திலும் இருக்கிறது, கேஸ் அடுப்போடு. பள்ளி விடுமுறையில் கேபின் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லிவைக்கவேண்டும், அதுதான் ஒரே கஷ்டம்.

அப்படியென்றால் இந்த வண்டி யாருக்கு? ஊட்னடட்டா, ஜிப் ரிவர் ரோடு மாதிரி மண் ரோடுகளுக்குத்தான் போகிறோம் என்று தீர்மானித்து, அனுமதியை எழுத்தில் வாங்கி, ஏணி ஏறுகிற வயதில் மட்டும் ஆள் இருந்தால், தயங்காமல் எடுங்கள். சஸ்பென்ஷன் நன்றாக இருந்தது, சமையலறை இழுப்பறை அருமையான யோசனை, குழந்தைகளுக்கு மேலே தூங்குவதுதான் இன்றும் முதல் பேச்சு. எனக்கு மதிப்பெண் போடச் சொன்னால் வண்டிக்கு நாலு, சேவைக்கு இரண்டு. மகன் இரண்டுக்கும் ஐந்து போடச் சொல்கிறான், அவன் மடிக்கவில்லையே.

ஆலிஸில் வண்டியை விடும்போது முகப்புக் கண்ணாடியில் கல் பட்ட ஒரு புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், காப்பீட்டில் அது அடங்கியது. கழுவியும் போகாத செம்மண்ணுக்குச் சுத்தம் செய்கிற கட்டணம் என்று ஆரம்பித்தார் ஒருவர்; கருகிய பழைய ஃபியூஸை மேஜைமேல் வைத்து, நாற்பது நிமிட இசையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன், விட்டுவிட்டார். மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு ஒரு நாள் வாடகையும் திரும்பி வந்தது. முன்பணம் விடுவிக்கப் பன்னிரண்டு நாள்.

பெரியவர் கொடுத்த உதிரி ஃபியூஸை நாங்கள் எடுத்துவரவில்லை. அடிலெய்டில் அந்த வெள்ளை யூட்டை எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற பெட்டியில், வண்டிக் கையேட்டுக்குள், கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறோம். எங்கே மாட்டவேண்டும் என்று மகள் படம் வரைந்து வைத்திருக்கிறாள்.